வைத்தியரின் மனச்சாட்சியும் சர்க்காரின் கடமையும்

2021-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி ராஜ்ய சபையில் ஒரு கேள்விக்குப் பதில் அளிக்கப்பட்டது. கொரோனா நோயின் இரண்டாவது அலையின்போது, பிராணவாயு கிடைக்காமல் ஆஸ்பத்திரிகளில் மாண்டவர்களைப் பற்றிய கேள்வி அது. மத்திய சர்க்கார் அளித்த பதிலின் சாரம் வருமாறு: சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, மரணக் கணக்கை அனுப்புகிறவை மாநில சர்க்கார்கள், அவை அனுப்பிய கணக்குகளில், பிராணவாயுக் குறைவினால் நேர்ந்த மரணம் என்று தனியாக எதுவும் தெரிவிக்கப்படவில்லை.

கோர்ட்டுகளில் காலங்கழித்த நமக்கு இத்தகைய பதிலின் சாமர்த்தியம் நன்கு தெரியும். ‘ஒருவரும் இறக்கவில்லை’ என்று அது சொல்லவில்லை. ‘தெரிவிக்கப்படவில்லை’ என்றுதான் சொல்லுகிறது. மத்திய சர்க்காரைக் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டும். மாநிலத்தைக் கேட்டால், நோயாளி இறந்தது நோயினாலேயே என்று ஏட்டைக் காட்டும். ஏட்டில் பிழையில்லை; பதிலில் பொய்யில்லை; ஆனால் உண்மை மட்டும் எங்கும் இல்லை.

அந்தப் பதிலைப் பத்திரிகைகளில் படித்தவர்களில் ஒரு வகுப்பார் உண்டு. அவ்வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் வார்டுகளில் நின்ற டாக்டர்களும், நர்ஸுகளும், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்களுமே அவர்கள். குழாயில் வரும் வாயுவின் அழுத்தம் இறங்குவதைக் கண்ணாற் கண்டவர்கள். அதற்குப் பின் நடந்ததையும் கண்டவர்கள். தாங்கள் கண்டது ராஜாங்கத்தின் கணக்கில் இல்லை என்று கேட்டபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? இக்கேள்வியை இத்தேசம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. இன்று அதைக் கேட்கத் துணிகிறோம்.

சோர்வு வேறு, புண் வேறு

வைத்தியத் தொழிலில் உள்ளவர்கள் மனமுடைந்து போகிறார்கள் என்றால், ‘வேலை அதிகம், தூக்கம் குறைவு, சோர்ந்துவிட்டார்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இந்தச் சோர்வுக்கு 1974-லேயே நியூயார்க் நகரத்து மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் ஒரு பெயர் கொடுத்தார். பெயர் கிடைத்ததும் பரிகாரமும் கிடைத்தது. யோகாசனம் பழகுங்கள், தியானம் செய்யுங்கள், விடுமுறை எடுங்கள் என்று நிர்வாகிகள் உபதேசம் செய்யலாயினர். உபதேசம் நல்லதுதான். ஆனால் சோர்ந்தவன் தூங்கினால் எழுந்து விடுவான்; புண்பட்டவன் தூங்கினாலும் புண் தூங்காது.

இப்புண்ணை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் யார் என்று பார்ப்பது நலம். 1984-ல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் நர்ஸுகளின் நிலையைப் பற்றி எழுதினார். செய்ய வேண்டியது இன்னதென்று நர்ஸுக்குத் தெரியும்; ஆனால் ஸ்தாபனத்தின் கட்டுத்திட்டங்கள் அதைச் செய்ய விடா; இதிலிருந்து பிறக்கும் வேதனை தனி வகையைச் சேர்ந்தது என்றார். பத்து வருஷங்களுக்குப் பின், 1994-ல், ஜானத்தன் ஷே என்னும் மனநோய் வைத்தியர் ஒரு நூல் வெளியிட்டார். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு பாஸ்டன் நகரத்தில் சிகிச்சை செய்தவர் அவர். அச்சிப்பாய்களை வாட்டியது பயம் மட்டுமன்று என்று அவர் கண்டார். உயிர் ஊசலாடும் சமயத்தில், நியாயமாக அதிகாரம் வகிப்பவர், நியாயத்துக்குத் துரோகம் செய்தார் என்ற அறிவே அவர்களைத் தின்றது. 2018-ல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இக்கருத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வந்தனர். எங்கள் தொழிலினர் சோர்ந்து விழவில்லை, மனச்சாட்சியில் புண்பட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள்.

இந்த வேறுபாடு வெறும் சொற்போர் அன்று. சோர்வு என்றால் குறை வைத்தியரிடம் இருக்கிறது. அவர் பலவீனர், அவரைத் தேற்ற வேண்டும். புண் என்றால் அடித்த கை ஒன்று இருக்கிறது. அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். நிர்வாகிகள் ஏன் முதற்சொல்லையே விரும்புகிறார்கள் என்பதை விளக்க வேண்டுமா?

நான்கு அங்கங்கள்

வைத்தியம் என்பது வைத்தியர் ஒருவரால் ஆவதன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ‘மருந்து’ என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அதை நான்கு அங்கமாக வகுக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர். நான்கும் கூடினால் சிகிச்சை. ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றும் நின்று விழிக்க வேண்டியதுதான்.

2021 வசந்தத்தில் இல்லாமற் போன அங்கம் எது? நோயாளிகள் இருந்தனர், மே மாதம் முதல் தேதி வெளியான கணக்கில் ஒரே நாளில் புதிதாக நோய் கண்டவர் 4 லட்சத்துக்கு மேல். வைத்தியர் இருந்தனர். பணி செய்வோரும் இருந்தனர். மருந்துதான் இல்லை. அந்த மருந்தோ மலையில் தேட வேண்டிய மூலிகையன்று. நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து பிரித்து, குளிரூட்டித் திரவமாக்கி, டாங்கர் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிய பொருள். அதைச் செய்யும் ஆலைகளும், ஒதுக்கீடு செய்யும் உத்தியோகஸ்தரும், லாரி செல்லும் பாதைகளும் வைத்தியர் வசத்தில் இல்லை. எல்லாம் ராஜாங்கத்தின் வசத்தில் இருப்பவை.

வார்டில் நடப்பதைச் சிறிது விளக்குவோம். மூச்சுத் திணறும் நோயாளிக்கு மூக்கின் வழியாக வேகமாக வாயு செலுத்தும் இயந்திரம் நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரை பிராணவாயுவை விழுங்கும். டாங்கியில் மட்டம் குறைந்தால் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அபாயமணி கத்தும். அதிகமாக வாயு தேவைப்படுகிறவர், அதாவது மிகவும் நலிந்தவர், முதலில் தவிப்பார். பணியில் இருக்கும் டாக்டர் என்ன செய்வார்? சிலிண்டர் இருந்தால் உருட்டி வரச் சொல்லுவார். பத்துப் பேருக்கு இரண்டு சிலிண்டர் இருந்தால், எந்த இருவர் என்று அவரே தீர்மானிக்க வேண்டும். அதை நினைத்துப் பார்க்க அவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதை மறக்க அவருக்கு ஆயுள் முழுதும் போதாது.

டில்லி நகரத்தில் நடந்ததை ஏடுகள் காட்டும். ஏப்ரல் 21-ந் தேதி இரவு, ஆஸ்பத்திரி ஒன்றின் மனுவின் பேரில் டில்லி ஹைகோர்ட்டு அவசரமாகக் கூடியது. பிச்சையெடுத்தோ, கடன் வாங்கியோ, திருடியோ எப்படியாவது பிராணவாயுவைக் கொண்டு வருமாறு மத்திய சர்க்காரை நீதிபதிகள் கடிந்தனர். ஏப்ரல் 23-ந் தேதி இரவு, ஜெய்ப்பூர் கோல்டன் ஆஸ்பத்திரியில் இருபது பேருக்குக் குறையாமல் இறந்தனர். வாயு அழுத்தம் குறைந்ததே காரணமென்று ஆஸ்பத்திரியார் கூறினர். அதிகாரிகள் பின்னர் அதைத் தர்க்கத்துக்கு உள்ளாக்கினர். மே முதல் தேதி பத்ரா ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிராணவாயு இல்லை. 12 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர். தம்முடன் வேலை செய்தவர் மூச்சுக்குத் தவிப்பதை நின்று பார்க்கும் கதி சக வைத்தியருக்கு நேர்ந்தது. அடுத்த சில நாட்களில், டில்லிக்கு நாளொன்றுக்கு 700 டன் அளிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது.

டில்லி தொலைவில் இருக்கிறது என்று நாம் இறுமாந்திருக்க இடமில்லை. மே 4-ந் தேதி இரவு, சென்னைக்கு அடுத்த செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் 13 நோயாளிகள் மாண்டனர். பிராணவாயுவில் நேர்ந்த தடையைப் பற்றி ஊழியர்கள் பேசினர். பற்றாக்குறை இல்லை என்றனர் அதிகாரிகள். அதே மே 4-ந் தேதி அலகாபாத் ஹைகோர்ட்டு, ஆஸ்பத்திரிக்குப் பிராணவாயு அளிக்காமல் நோயாளிகளைச் சாக விடுவது குற்றம் மட்டுமன்று, ஜனக் கொலைக்குச் சற்றும் குறைந்ததன்று என்று எழுதியது. நீதிபதிகளின் கண்ணுக்கு ஜனக் கொலையாகத் தோன்றியது, பதினொரு வாரங்களில் ஏட்டிலே ஒன்றுமில்லாமற் போயிற்று.

மலர் தூவியவர்களும் கல் எறிந்தவர்களும்

வைத்திய ஊழியர்களைத் தேசம் புகழவில்லையா என்று கேட்கலாம். புகழ்ந்தது. 2020 மார்ச் 22-ந் தேதி மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசல்களில் ஜனங்கள் கை தட்டினர். மே 3-ந் தேதி ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின்மீது மலர் தூவின. ஆனால் இவ்விரண்டு தேதிகளுக்கும் நடுவே ஏப்ரல் 19-ந் தேதி ஒன்று இருக்கிறது. அன்று சென்னையில் கொரோனாவுக்குப் பலியான நரம்பு அறுவை நிபுணர் ஒருவரின் சடலத்தைப் புதைக்கச் சென்றபோது, நோய் பரவும் என்ற மூட பயத்தால் ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கி விரட்டியது. மனைவியும் மகனும் அருகிருக்க முடியவில்லை. நள்ளிரவில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர், இரண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களின் துணையோடு, தாமே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். இச்செயலுக்காகச் சென்னை நகரம் வெட்கித் தலை குனிந்தது. மூன்று நாளைக்குள், வைத்திய ஊழியரைத் தாக்குவோரைக் கடுமையாகத் தண்டிக்க மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தது.

கல் எறிந்தவன் அறிவீனன். அவனைச் சட்டம் தண்டிக்கும். மலர் தூவிவிட்டு மறந்தவரை எந்தச் சட்டம் தண்டிக்கும்? 2020 செப்டம்பரில், நோயினால் இறந்த வைத்திய ஊழியர் எத்தனை பேர் என்று பார்லிமெண்டில் கேட்டபோது, அக்கணக்கு மத்திய சர்க்காரிடம் இல்லையென்று பதில் வந்தது. இந்திய வைத்திய சங்கம் மனம் பொறாமல், இறந்த 382 டாக்டர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. இரண்டாவது அலையில் மட்டும் எழுநூற்றுக்கு மேற்பட்ட டாக்டர்கள் மாண்டதாக அச்சங்கமே பின்னர் கூறியது. 2020 அக்டோபரில், டில்லி நகரசபையின் ஹிந்து ராவ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் மாதக்கணக்காகச் சம்பளம் வராமல் வீதியில் அமர்ந்தனர். 2022 டிசம்பர் கடைசியில், நோய்க் காலத்தில் தற்காலிகமாக நியமிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளின் ஒப்பந்தம் இனி நீடிக்காது என்று தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவிட்டது. கிளர்ச்சி எழுந்த பிறகே வேறு திட்டங்களில் இடமளிப்பதாகச் சொல்லப்பட்டது.

இவற்றில் எதுவும் தனியே பார்த்தால் பெரிய கொடுமையாகத் தோன்றாமல் இருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் ஒரே பொருள் விளங்கும். நெருப்பில் நிற்கும்போது ‘வீரரே’ என்று அழைப்பது. நெருப்பு அணைந்ததும் ‘யார் நீ?’ என்று கேட்பது. புகழ்ச்சியைக் கூலியாகக் கொடுப்பவர் கூலியே கொடுக்காதவரைவிட மோசமானவர். ஏனெனில், தேவனென்று போற்றப்பட்டவன் குறையைச் சொல்லக் கூடாது. தேவர்களுக்குப் பசியில்லை அல்லவா?

வாய்ப்பூட்டு

‘தொழில் தர்மம்’ என்ற அருமையான சொல் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று கவனிப்போம். உடை போதவில்லை, மருந்து வரவில்லை, நோயாளி அநியாயமாகச் சாகிறார் என்று ஒரு டாக்டர் வாய் திறந்தால், ‘இது உங்கள் தொழில் தர்மத்துக்கு அடுக்குமா? நோயாளியைக் கவனியுங்கள்’ என்று மேலதிகாரி சொல்லுகிறார். ஆகவே தொழில் தர்மம் என்பது மௌனத்தின் மறுபெயராகிவிட்டது. சகித்துக்கொள்ளுகிறவர் உத்தமர், சத்தியம் சொல்லுகிறவர் ஒழுங்கீனர்!

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1964-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் ஊழியர் நடத்தை விதிகளின் ஒன்பதாவது விதி, சர்க்காரின் கொள்கையையோ செய்கையையோ ஊழியர் பகிரங்கமாகக் கண்டித்துப் பேசலாகாது என்கிறது. 1973-ல் வகுத்த தமிழ்நாட்டு விதிகளின் போக்கும் அதுவே. ஆனால் 2002-ல் வைத்திய கவுன்ஸில் வகுத்த ஒழுக்க விதிகளில், தம் தொழிலினர் நேர்மையற்று நடந்தால் அச்சமும் தயவும் பாராமல் அதை வெளிப்படுத்த வேண்டுமென்று டாக்டருக்குக் கட்டளை இருக்கிறது. விசித்திரத்தைப் பாருங்கள்! சக டாக்டரின் குற்றத்தை வெளியிடுவது கடமை; தன் வார்டில் உயிரைப் பறிக்கும் நிர்வாகக் குற்றத்தை வெளியிடுவது அபராதம். இவ்விரண்டு விதிகளுக்கும் நடுவே அகப்பட்ட நாவுக்கு எந்தப் பக்கம் புரள இடமுண்டு?

குற்றங்களை வெளியிடுவோரைக் காக்க ஒரு சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2014-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, ஜனாதிபதியின் சம்மதமும் பெற்றது. பத்து வருஷம் சென்ற பிறகும் அது அமுலுக்குக் கொண்டுவரப்படவில்லை. உறையில் இட்டுப் பூட்டிய வாளைக் காட்டி, ‘உனக்குப் பாதுகாப்பு இருக்கிறது’ என்று சொல்வதைப் போன்றது இது.

வாய் திறந்தவரின் கதி என்ன? 2017 ஆகஸ்டில் கோரக்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சில நாட்களில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்ட செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிராணவாயு அளித்த கம்பெனிக்குச் சேரவேண்டிய லட்சக்கணக்கான ரூபாய் பாக்கி நின்றதும், விநியோகம் தடைப்பட்டதும் வெளிவந்தன. மரணங்களுக்கு அது காரணமன்று என்று மாநில சர்க்கார் சாதித்தது. அன்றிரவு வெளியிலிருந்து சிலிண்டர்களைக் கொண்டுவந்து சேர்த்ததாகப் பத்திரிகைகள் முதலில் போற்றிய குழந்தை வைத்தியர் கஃபீல் கான், சில வாரங்களுக்குள் குற்றவாளியாகச் சிறை புகுந்தார். ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து, 2018 ஏப்ரலில், அலகாபாத் ஹைகோர்ட்டு அவரை ஜாமீனில் விட்டது. வைத்தியத்தில் அவர் தாமே அசட்டை செய்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்றும் குறித்தது. அவரைப் பற்றிய அரசியல் எவ்வாறாயினும் ஆகுக. அதைப் பார்த்த ஆயிரக்கணக்கான இளம் டாக்டர்கள் கற்ற பாடம் என்ன? பாக்கி வைத்தவர் வீட்டில் இருப்பார். பக்கத்தில் நின்றவர் சிறைக்குப் போவார் என்பதுதான். நான்கு வருஷத்துக்குப் பின் நாடெங்கும் அதே வாயு குறைந்தபோது, பலர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

2021 ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. பிராணவாயுவும் படுக்கையும் வேண்டுமென்று இணையத்தில் முறையிடும் பிரஜைகளைத் துன்புறுத்தினால், அது கோர்ட்டு அவமதிப்பாகக் கருதப்படும் என்று எச்சரித்தது. பிரஜைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, எல்லாவற்றையும் நேரில் கண்ட சர்க்கார் வைத்தியருக்கும் நர்ஸுக்கும் சட்ட வடிவில் வேண்டும் என்பதே நமது கட்சி.

ஆட்சேபங்கள்

இங்கே சில ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லுவது அவசியம்.

‘இது எதிர்பாராத ஆபத்து, யார்தான் என்ன செய்திருக்க முடியும்?’ என்பது முதல் ஆட்சேபம். எதிர்பாராதது என்பது உண்மையன்று. 2020 நவம்பரிலேயே பார்லிமெண்டின் சுகாதார நிலைக் கமிட்டி, ஆஸ்பத்திரிகளின் தேவைக்கேற்பப் பிராணவாயு உற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்றும், சிலிண்டர் விலைக்கு வரம்பு கட்ட வேண்டுமென்றும் எழுதி வைத்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே பிராணவாயு தயாரிக்க 162 யந்திரசாலைகள் அமைக்கப் போவதாகவும் ஏற்பாடு இருந்தது. 2021 ஏப்ரல் நடுவில், பிணங்கள் குவியத் தொடங்கிய சமயத்தில், அவற்றில் அமைந்து முடிந்தவை 33 என்று சுகாதார இலாகாவே தெரிவித்தது. மீதி 129 எங்கே என்று கேட்க வேண்டியது யார்? நலிந்த நோயாளியா, நள்ளிரவு டாக்டரா?

‘டாக்டர்கள் எல்லாரும் உத்தமர்களா? அக்காலத்தில் அநியாய பில் போட்ட தனியார் ஆஸ்பத்திரிகள் இல்லையா? ரெம்டெஸிவிர் மருந்தைக் கள்ளச் சந்தையில் விற்றுப் பிடிபட்ட ஊழியர் இல்லையா?’ என்பது இரண்டாவது ஆட்சேபம். உண்டு, அவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் மனச்சாட்சிப் புண் அவர்களுக்கு உண்டாவதில்லை. மனச்சாட்சி இருந்தால்தானே புண்? யார் நன்றாக வேலை செய்ய விரும்புகிறாரோ அவரையே அது தாக்குகிறது என்பதுதான் இந்நோயின் கொடுமை. தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். இத்தனை சோதனை எழுது, இத்தனை நாள் படுக்கையில் வை என்று கணக்குப் பிள்ளை கட்டளையிட, நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கூசி நிற்கும் இளம் டாக்டர்கள் உண்டு. டீனும் டால்பட்டும் முதன்மையாக எழுதியது இந்த வியாபார வைத்தியத்தைப் பற்றியே. நல்லவர் புண்பட்டு விலகினால், யார் மிஞ்சுவார் என்பதை யோசிக்க வேண்டும். வெட்கமில்லாதவர் மட்டும் தங்கியிருக்கும் தொழிலாக வைத்தியம் ஆகிவிட்டால், அந்த நஷ்டம் டாக்டருக்கன்று, நமக்குத்தான்.

‘சிப்பாய் சகிக்கவில்லையா? டாக்டரும் சகிக்கட்டும்’ என்பது மூன்றாவது. சிப்பாய்க்குத் துப்பாக்கி கொடுத்து, தோட்டா கொடாமல் அனுப்பி, தோற்றபின் ‘தோட்டா குறைந்ததாகக் கணக்கில் இல்லை’ என்று சொல்லும் சேனாதிபதியை எந்தத் தேசம் பொறுக்கும்?

பரிகாரம்

முதலாவது, உண்மையைக் கணக்கில் எழுத வேண்டும். பிராணவாயு தடைப்பட்ட ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் எந்த நேரத்தில் எவ்வளவு இருப்பு இருந்தது, யாருக்கு எப்போது சொல்லப்பட்டது, அந்நேரத்தில் இறந்தவர் யார் என்பதை ஒரு சுயேச்சையான விசாரணை பதிவு செய்ய வேண்டும். பழி வாங்குவதற்காக அன்று. கண்டதைக் கண்டேன் என்று சொல்லி, அது ஏட்டில் ஏறினால்தான் கண்டவர் மனம் ஆறும். இறந்தவர் குடும்பத்துக்கும் அதுவே முதல் நியாயம்.

இரண்டாவது, வாய்ப்பூட்டைத் திறக்க வேண்டும். நோயாளிகளின் உயிருக்கு ஆபத்தான குறைகளை வெளியிடும் வைத்திய ஊழியரை நடத்தை விதிகளிலிருந்து விலக்க வேண்டும்; 2014-ஆம் வருஷத்துச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவர வேண்டும். இது நடவாத காரியமன்று. இங்கிலாந்தில் ஸ்டாஃபர்டு நகர ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அசட்டையாக நடத்தப்பட்டுத் துன்புற்றனர். அதை எடுத்துச் சொன்ன நர்ஸு மிரட்டப்பட்டார். நீண்ட விசாரணைக்குப் பின் 2013 பிப்ரவரியில் வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்ஸிஸ் 290 சிபாரிசுகளோடு அறிக்கை வெளியிட்டார். அதன் பயனாக 2014 நவம்பர் முதல், சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால் நோயாளிக்கும் உறவினருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் சட்டபூர்வமான கடமையாயிற்று. பிறர் செய்த நல்லதைக் கைக்கொள்ளுவதில் நமக்கு அகௌரவம் இல்லை.

மூன்றாவது, பங்கிடும் பாவத்தைத் தனி மனிதர் தலையில் சுமத்தக் கூடாது. பொருள் குறையும்போது எந்த நோயாளிக்கு முதலில் என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே, பகிரங்கமாக, பல பேர் கூடி வகுத்த விதியாக இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் இத்தாலியில் நோய் பொங்கியபோது, அந்நாட்டு மயக்க மருந்து வைத்தியர் சங்கம் அத்தகைய வழிகாட்டியை அவசரமாகத் தானே எழுத நேர்ந்தது. நெருப்புப் பிடித்தபின் கிணறு வெட்டுவதைவிட, முன்பே வெட்டி வைப்பது ராஜாங்கத்தின் வேலை.

நான்காவது, சம்பளமும் நிரந்தரமும். உயிரைப் பணயம் வைத்து வேலை வாங்கிய நர்ஸையும் துப்புரவு ஊழியரையும் ஒப்பந்தக் காகிதத்தால் துடைத்து எறிவது ராஜாங்க லட்சணமன்று.

தேச ஊழியத்தில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் கூறுவதாவது: பொதுக் கூட்டங்களில் டாக்டர்களுக்கு மாலையிடுவதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. மாலையிடுவதற்கு முன் உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய், பிராணவாயு யந்திரம் ஓடுகிறதா, அதைப் பழுதுபார்க்க ஆள் உண்டா, ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸு என்று கேளுங்கள். கிடைத்த பதிலை சட்டசபை அங்கத்தினரின் முன் வையுங்கள். மேலும், உறவினர் இறந்த துக்கத்தில் டாக்டரை அடிக்கக் கூட்டம் திரண்டால், குறுக்கே நில்லுங்கள். அடிவாங்க வேண்டிய குற்றம் பெரும்பாலும் அந்த அறையில் இல்லை. வெகு தொலைவில் ஒரு மேஜையின்மேல், கையெழுத்தாகாத காகிதமாகக் கிடக்கிறது.

வைத்தியர் நமக்குத் தெய்வமாக இருக்க வேண்டாம். கருவிகளும் மருந்தும் கையில் உள்ள, கண்டதைச் சொல்ல அஞ்சாத மனிதராக இருந்தால் போதும். அப்படி இருக்க அவரை விடுவதே சர்க்காரின் கடமை. விடும்படி சர்க்காரைக் கட்டாயப்படுத்துவது நமது கடமை.